பச்சை வண்டி வராத வருஷம்

பத்தொன்பது சுற்று முடிந்து இருபதாவதில் இருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முனிகிருஷ்ணன் எடுக்கவில்லை. தரைக்குக் கீழே நான்கடி ஆழத்தில் வால்வு. அதன் தலையில் இரும்புச் சாவியைப் பொருத்தி, குறுக்குக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். ஜோகுபாளையம் முதல் கிராஸ் தெரு வால்வுக்கு முப்பத்தெட்டு சுற்று. அதில் நிறுத்தினால் பள்ளத்து வீடுகளுக்கும் மேட்டு வீடுகளுக்கும் தண்ணீர் சமமாகப் போகும். கூடினால் பள்ளத்தில் தொட்டி வழியும், மேட்டில் குழாய் வெறுமே சீறும்.

போன் நின்று மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். ரவி. அல்சூர்ப் பக்கம் வால்வு பார்க்கிறவன்.

"அண்ணா, பச்சை வரல."

"எங்க வரல?"

"ரேஸுக்குத்தான். இந்த வருஷம் நாங்க இல்லன்னு கம்பெனியே போட்டுட்டான். இப்பத்தான் பாத்தேன்."

முனிகிருஷ்ணன் போனைப் பையில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை. இருபதா, இருபத்தைந்தா. இருபத்திரண்டு வருட வேலையில் எண்ணிக்கை விட்டுப்போனது அதுதான் முதல் தடவை. பிறகு வால்வை முழுக்க மூடி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

குடத்தோடு நின்ற பெண் ஒருத்தி, இன்று ஏன் லேட் என்று கன்னடத்தில் கேட்டாள். பைப்பில் காற்று என்று அவரும் கன்னடத்தில் சொன்னார். அவர் சொன்ன முதல் பொய்யும் அன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் வால்வு விஷயத்தில் முதல் பொய்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான ஆள். தோள் மட்டும் பெரிது. நெஞ்சு வரை தாடி, பாதிக்கு மேல் நரை. தாடிக்கு அன்று பதினொரு மாதம்.

அவர் கார் ஓட்டத் தெரியாதவர். ஒரு பழைய டிவிஎஸ் வண்டி இருக்கிறது, பின்னால் சாவியைக் கட்டிக்கொண்டு போக. கார்ப் பந்தயம் அவருக்குள் வந்தது ஒரு கண்ணாடி வழியாக.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு பெரிய கார் கடைக்கு வெளியே நடைபாதையில் வால்வு பழுது. பள்ளம் தோண்டி உள்ளே இறங்கியிருந்தார். தலையை வெளியே எடுத்தபோது கண் மட்டத்தில் கடையின் கண்ணாடி. உள்ளே சுவரில் பெரிய டிவி. அதில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. மரங்கள், ஒரு நீள ரோடு, கார்கள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

வேலை முடிந்து பள்ளத்தை மூடியபோது மணி பத்து. கடையை எப்போதோ சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். டிவியை அணைக்க மறந்திருந்தார்கள். கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே இன்னும் பகல் வெளிச்சம். அப்போதும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஓடின. அவர் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மூடிய பள்ளம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். டிவியில் இப்போது ராத்திரி, அதே மரங்கள். அதே கார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

காவலாளியிடம் கேட்டார். அந்த ஆளுக்கும் அதிகம் தெரியவில்லை. இருபத்து நாலு மணி நேரம் ஓட்டுவார்களாம், நிறுத்தாமல், என்றார்.

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்."

அந்தப் பதில் முனிகிருஷ்ணனுக்குப் பிடித்திருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் கண்ணாடி முன்னால் நின்றார். சாயங்காலம் கொடி அசைத்ததும் ஓட்டுநர்கள் இறங்கி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். முதலில் வந்தவனும் கடைசியில் வந்தவனும் ஒரே மாதிரி அழுதார்கள். யார் ஜெயித்தது என்று அவர் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் அந்தச் சனி, ஞாயிறுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். வருடத்தில் அவர் கேட்கிற லீவு அது மட்டும்தான். முதலில் அந்தக் கண்ணாடி முன்னால். பிறகு தெரிந்தவர் வீட்டு டிவியில். மகள் சஹானாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்த பிறகு வீட்டிலேயே, அவள் காசு கட்டி வாங்கிக் கொடுத்த சானலில். பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு. மனைவி ஷோபா சோற்றைத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். டிவியின் சத்தத்தை அவர் வைப்பதில்லை. முதல் தடவை அப்படிப் பார்த்ததால் அப்படியே பழகிவிட்டது.

பச்சை வண்டி ஆறு வருடங்களுக்கு முன் முதலில் வந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் மூன்று மூன்று கார் கொண்டுவருவார்கள், லாரி லாரியாக ஆட்கள் வருவார்கள். இது சின்னக் கம்பெனி. ஒரே கார். கரும்பச்சை, எண் எழுபத்தொன்று. டயர் மாற்றுகிறவர்களில் ஒருவர் தலை முழுக்க நரைத்தவர். சக்கரத்தைக் கழற்றியதும் அதைக் கீழே போடமாட்டார், வைப்பார். முனிகிருஷ்ணன் அவரைப் பார்த்துத்தான் அந்த வண்டியின் பக்கம் சாய்ந்தார். கம்பெனியின் பெயர் வாயில் நுழையாது. தெருவில் அது பச்சை வண்டிக் கம்பெனி. வீட்டில் வெறும் பச்சை.

ஆறு வருடம் தொடர்ந்து வந்தது. ஒரு வருடம்கூட ஓடி முடிக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் நின்றது, பத்தில் நின்றது, பதினேழில் நின்றது. போன வருடம் இருபத்து மூன்று மணி இருபது நிமிடம் ஓடியது. நான்காவது இடத்தில். நாற்பது நிமிடம் பாக்கி இருக்கும்போது ரோட்டோரப் புல்லில் ஒதுங்கி நின்றது. புகை இல்லை, தீ இல்லை. நின்றது, அவ்வளவுதான். ஓட்டினவன் வெகுநேரம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மற்ற கார்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் திங்கட்கிழமை டூட்டிக்கு முன்னால் முனிகிருஷ்ணன் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போனார். தேங்காய், பூ, கற்பூரம். பூசாரி யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார்.

"எழுபத்தொண்ணு."

"பேருப்பா."

"அதான் பேரு."

"நட்சத்திரம்?"

முனிகிருஷ்ணன் யோசித்தார். வண்டி என்றைக்குச் செய்யப்பட்டது என்று தெரியவில்லை. சாமி பேருக்கே பண்ணிடுங்க என்றார். தீபாராதனையின்போது கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் சொன்னார். அந்த வண்டி ஒரு தடவை முழுசாக ஓடி முடிக்க வேண்டும். அதுவரை முகத்தில் கத்தி படாது. முடித்த மறுநாள் இந்த வாசலில் முடி கொடுக்கிறேன்.

அந்தத் தெருவில் வேண்டுதல் புதிதல்ல. வேலைக்கு வேண்டுவார்கள், காய்ச்சலுக்கு வேண்டுவார்கள். சஹானா பியுசி பாஸ் ஆக ஷோபா தீ மிதித்திருக்கிறாள். ஆனால் எல்லோரும் ஒரு கெடு வைப்பார்கள். ஆடிக்குள் நடந்தால், இந்த வருஷத்துக்குள் ஆனால் என்று. முனிகிருஷ்ணன் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆறு வருடமாக வருகிற வண்டி. ஜூன் வந்தால் அது வரும்.

தாடி வளர்ந்தது. நீர் வாரியத்து என்ஜினியர், ஏனப்பா சன்யாசமா என்றார். ரவி ஒருவனுக்குத்தான் விஷயம் முழுசாகத் தெரியும். அவனை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டதே முனிகிருஷ்ணன்தான். ஷோபாவிடம் கோவில் வேண்டுதல் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவள் கட்சி.

பிப்ரவரியில் சஹானாவுக்குச் சம்பந்தம் கூடியது. பையன் பாலகுமார், அவளோடு அதே கம்பெனியில், திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா மரகதம். அந்த வீட்டுக் காரியங்களை எல்லாம் மரகதத்தின் அண்ணன் சுந்தரம் முன்னின்று பார்த்தார். நிச்சயதார்த்தம் ஜூன் கடைசி ஞாயிறு என்று முடிவானது. முனிகிருஷ்ணன் விரலை மடக்கிப் பார்த்தார். அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் பந்தயம் முடிகிறது. திங்களன்று கோவிலில் முடி. நிச்சயத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. சரி என்றார்.

சம்பந்தம் கூடிய மூன்றாவது வாரம் சுந்தரம் போன் செய்து, அப்பாகாரர் தாடியோடு வந்து நின்றால் நன்றாக இருக்காது என்று ஷோபாவிடம் சொன்னார். தாடி துக்க வீட்டு அடையாளம். வீட்டில் சாவு விழுந்து பத்தாம் நாள் காரியம் முடியாதவன் அப்படி இருப்பான். அந்தக் கையால் தட்டு மாற்றக் கூடாது. ஷோபா, அதற்குள் எடுத்துவிடுவார் என்று வாக்குக் கொடுத்தாள்.

ரவியின் போன் வந்தது ஜூன் முதல் வாரம்.

அன்று மாலை சஹானா கம்பெனி காரில் வந்து இறங்கியதும் முனிகிருஷ்ணன் அவள் கையில் போனைக் கொடுத்து, இங்கிலீஷில் போட்டிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். மூன்றே வரி. இந்த ஆண்டுப் பந்தயத்தில் கலந்துகொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். புதிய எஞ்சினைச் சோதிக்க இந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்வோம். ரசிகர்களின் பொறுமைக்கு நன்றி.

"கடைசியா இன்னா சொன்ன?"

"பொறுமைக்கு நன்றின்னு."

"நாம பொறுமையா கீறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா அப்படிப் போடுவாங்கப்பா."

அவர் போனை வாங்கி அந்த மூன்று வரியையும் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எது கடைசி வரி என்று தெரிந்தது.

அப்போதுதான் வேண்டுதல் எதற்கு என்று வீட்டில் சொன்னார். சஹானா சிரித்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஷோபா சிரிக்கவில்லை. வந்த கோபத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வளர்க்கிறார் என நினைத்துக்கொண்டிருந்தாளாம். போகிற வருகிற இடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"தோத்துப்போகும்னு நெனச்சேன்" என்றார் முனிகிருஷ்ணன். "நடுவுல நிக்கும்னு நெனச்சேன். வராதுன்னு நெனைக்கல."

தோற்றால் அடுத்த வருடம் வரை வளர்த்திருப்பீர்களா என்று அவள் கேட்டாள். தோற்பதை அவர் பார்த்திருப்பார். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்திருக்கும். இது அப்படி இல்லை. ஆள் வராத இடத்தில் எதைப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை ஷோபா கோவிலுக்குப் போய்ப் பூக் கேட்டாள். அம்மனின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரமான ஒவ்வொரு பூவை ஒட்டவைத்தார். தாடியை எடுத்துவிடலாமா என்று கேள்வி. வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். அவள் இருபது நிமிடம் நின்றாள். இடப்பக்கப் பூ விழுந்தது. இன்னொரு தடவை கேட்கட்டுமா என்றாள். பூசாரி அவளைப் பார்த்த பார்வையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து முனிகிருஷ்ணனிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சஹானா சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"அம்மன் சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

ரவி, கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடலாம், எங்க அண்ணன் தாடிக்காகவாவது வாங்க என்று எழுதலாம் என்றான். என்ஜினியரிடம் போய் முனிகிருஷ்ணன் லீவை ரத்து செய்துகொண்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ரத்து செய்கிறார் என்று என்ஜினியருக்குத் தெரியாது. நல்லதாகப் போயிற்று என்றார் அவர். அதே சனிக்கிழமைதான் பிரதான குழாயில் ஒரு இணைப்பு வேலை. காலை ஆறிலிருந்து ஞாயிறு காலை வரை பாதி ஊருக்குத் தண்ணீர் கிடையாது. முடிந்து திரும்ப விடும்போது வால்வுக்கு வால்வு ஆள் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் பெரிய வால்வை அவரும் ரவியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மூடினார்கள். அது இருநூற்றுப் பத்துச் சுற்று. மூடி முடித்ததும் முனிகிருஷ்ணன் வழக்கப்படி சாவியின் மேல் முனையில் காதை வைத்தார். வால்வ்மேன்கள் அப்படித்தான் கேட்பார்கள். இரும்பு வழியாகக் குழாயின் சத்தம் மேலே வரும். எங்கே கசிகிறது, எங்கே அடைப்பு என்று தெரியும்.

ஒன்றும் கேட்கவில்லை.

காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குழாய் பேசாமல் இருந்து அவர் கேட்டதில்லை. தெருவுக்குத் தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்குள் ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் காவிரி. அங்கிருந்து மூன்று இடங்களில் பம்பு வைத்து, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் தண்ணீரை ஏற்றுகிறார்கள். ராத்திரி, பகல், பண்டிகை, தேர்தல் எதற்கும் நிற்காது. அது ஓடுகிறது என்பதையே அவர் இத்தனை நாள் நினைத்ததில்லை. நின்ற பிறகுதான் தெரிந்தது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் காதில் அது இருந்திருக்கிறது.

"இன்னாண்ணா?" என்றான் ரவி.

"ஒண்ணுமில்ல. நீ வெச்சுப் பாரு."

ரவி வைத்துப் பார்த்தான். அவனும் உடனே எடுக்கவில்லை.

மாலை ஆறரைக்குப் பந்தயம் ஆரம்பித்தது. ரவி நடைபாதையில் உட்கார்ந்து போனில் பார்த்தான். முனிகிருஷ்ணன் பார்க்கவில்லை. எத்தனை கார் என்று மட்டும் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றான். போன வருடம் அறுபத்திரண்டு. இரவெல்லாம் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். இணைப்பு வேலை நடந்த இடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. யார் முன்னால் போகிறார்கள் என்று ரவி நடுநடுவே சொன்னான். அவர் உம் கொட்டினார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு, பம்பு போட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. தண்ணீர் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று என்ஜினியருக்கே நிச்சயமில்லை. முனிகிருஷ்ணன் காற்று வெளியேறும் சின்ன வால்வைத் திறந்துவிட்டு, பெரிய சாவியைப் பொருத்தி, காதை வைத்துக்கொண்டு நின்றார். எட்டு மணி. எட்டரை. பஸ்கள் போயின. சர்ச்சுக்குப் போகிறவர்கள் போனார்கள். அவர் கையைத் தூக்கினார். ரவி போனைத் தாழ்த்தினான்.

"வருதாண்ணா?"

வெகு தூரத்தில் ஏதோ இருந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. இரும்பு கொஞ்சம் உயிர் பெற்றிருந்தது. பிறகு அது சத்தமானது. குழாய்க்குள் அடைபட்ட காற்று முதலில் வந்தது, ஒரே சுருதியில், நீளமாக. அதன் பின்னால் இன்னொன்று. கனமானது. ஏறி ஏறி வந்தது. ஒரு இடத்தில் இறங்கியது, உடனே இன்னும் உயரத்தில் ஆரம்பித்தது. அவர் கண்ணாடி வழியாகப் பதினான்கு வருடம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த நீள ரோடு இரும்புக்குள் திறந்தது போல இருந்தது. காற்று வால்வு ஊளையிட்டது. நடைபாதையில் போன நாய் ஒன்று நின்று பார்த்தது. கால் வழியாக அதிர்வு ஏறி வந்து பல்லில் நின்றது.

"வருது" என்றார்.

காற்று வால்வின் வாயில் தண்ணீர் துப்பியது. முதலில் சிவப்பாக, பிறகு வெள்ளையாக. அவர் அதை மூடிவிட்டுப் பெரிய வால்வைத் திறக்க ஆரம்பித்தார். வேகமாகத் திறந்தால் குழாய் உடையும். ஒரு சுற்று, நிறுத்தம். ஒரு சுற்று, நிறுத்தம். இருநூற்றுப் பத்துச் சுற்று முடிய இரண்டு மணி நேரம் ஆனது. எண்ணிக்கை விடவில்லை. அவர் கண்ணில் நீர் இருந்ததை ரவி பார்த்தான். தூக்கமில்லாததால் என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஷோபா குழாயைத் திறந்து காட்டினாள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் நன்றாக யோசித்து வைத்திருந்தாள். நேற்றுக் காலை ஆறிலிருந்து நின்றிருக்கிறார். இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேலே ஆகிறது. வண்டி வராவிட்டால் என்ன, அதற்குப் பதிலாக அவர் ஓடி முடித்துவிட்டாரே. அம்மனுக்குக் கணக்கு சரிதானே.

"நான் ஓடறதுக்கு வேண்டிக்கல" என்றார் முனிகிருஷ்ணன்.

அவள் குழாயை மூடினாள். தன் தம்பியைத் தட்டு மாற்றச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் சரி என்றார். சஹானா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, அல்சூரில் ஒரு சின்ன ஹால். நூறு பேர் இருக்கும். முனிகிருஷ்ணன் புது வேட்டி, வெள்ளைச் சட்டை. தாடியைக் கழுவிச் சீவியிருந்தார். வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு அழைத்தார். பையன் வீட்டார் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் யார் தவறிப்போனது என்று ஒரு பெரியவர் ஷோபாவின் தம்பியிடம் கேட்டார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தபோது, வெற்றிலை, பாக்கு, பழம், புடவை வைத்த தட்டை யார் எடுப்பது என்று ஒரு தயக்கம். சுந்தரம் மரியாதையாகத்தான் சொன்னார். சம்பந்தியோட வேண்டுதல் இருக்கட்டுங்க, நல்ல காரியம் பாருங்க, மச்சான் எடுக்கட்டும். முனிகிருஷ்ணன் எழுந்து இரண்டடி பின்னால் போனார். ஷோபாவின் தம்பி தட்டில் கை வைத்தான். சஹானா தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் சுவரோரமாக மரகதம் உட்கார்ந்திருந்தாள். வெளிர் நிறப் புடவை. மகனின் நிச்சயத்துக்கு அவள் மேடைக்கு வரவில்லை. புருஷன் இறந்து ஆறு வருடம். அவளும் அந்த இடத்துக்கு அப்படித்தான் போயிருந்தாள், யாரும் சொல்லாமலேயே. இப்போது எழுந்து முன்னால் வந்தாள்.

"அண்ணே" என்றாள் முனிகிருஷ்ணனைப் பார்த்து. "என்ன வேண்டுதலுங்க?"

ஹாலில் பேச்சு குறைந்தது.

"ஒரு காருக்குங்க."

"வாங்கப் போறீங்களா?"

"இல்லைங்க. அது ஓடி முடிக்கணும்னு."

"யாரோட காரு?"

"எனக்குத் தெரியாதுங்க. வெளிநாட்டுல. ஒரு நாள் முழுக்க ஓட்டுவாங்க. போன வருஷம் நம்ம வண்டி நாப்பது நிமிஷம் பாக்கி இருக்கறப்ப நின்னுடுச்சு. இந்த வருஷம் வரல."

"அப்ப எப்ப எடுப்பீங்க?"

"அடுத்த ஜூன். வந்தா."

"கல்யாணம் தையிலங்க."

"ஆமாங்க" என்றார்.

மரகதம் அவர் தாடியைப் பார்த்தாள். அவசரம் இல்லாமல் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள், அவள் திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பழனிக்கு வேண்டிக்கிட்டு ரெண்டே மாசத்துல எடுத்துட்டாரு" என்றாள். "அரிக்குதுன்னாரு."

சுந்தரம், மரகதம், நீ போய் உக்காரு என்றார். அவள் அதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஷோபாவின் தம்பி கையிலிருந்த தட்டை வாங்கி முனிகிருஷ்ணனிடம் கொடுத்தாள். பிறகு பையன் வீட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"மாத்திக்கலாங்களா?"

முனிகிருஷ்ணன் தட்டை நீட்டினார். தட்டு கைமாறியது. ஒரு வாழைப்பழம் உருண்டு விழுந்தது, பாலகுமார் குனிந்து எடுத்து வைத்தான். நாதஸ்வரக்காரர் யாராவது சைகை காட்டுவார்கள் என்று பார்த்துவிட்டு, ஒருவரும் காட்டாததால் தானே ஆரம்பித்தார். சுந்தரம் சாப்பிடும்போதும் ஒரு தடவை தாடியைப் பார்த்தார். ஆனால் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை. முனிகிருஷ்ணன் ஐந்தரைக்கு எழுந்தார். காபி குடித்தார். சாவியை வண்டியில் கட்டிக்கொண்டு போனார். ஆறு பத்துக்கு ஜோகுபாளையம் முதல் கிராஸ் வால்வு, முப்பத்தெட்டு சுற்று. ஆறே முக்காலுக்கு இரண்டாம் கிராஸ், முப்பத்தொன்று. மேட்டு வீட்டுக்காரி தண்ணீர் மெதுவாக வருகிறது என்றாள். அரைச் சுற்று குறைத்தார். எட்டு மணிக்கு ரவி வந்து இட்லி வாங்கிக் கொடுத்தான். போன வாரப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று முனிகிருஷ்ணன் கேட்டார். அவன் சொன்னான். பத்து மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டார். அங்கே அடுத்த வருடக் காலண்டர் இன்னும் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் அடுத்த ஜூனுக்கு லீவு விண்ணப்பம் எழுதினார். தேதிக்கு இடம் விட்டு, மடித்து, பர்சில் வைத்துக்கொண்டார். மதியம் மழை பெய்தது.